கடைத்தெருவில் நின்ற கலீபா

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

திருக்குர்ஆனின் வசனங்களிலெல்லாம் மிக நீளமானது எது? தொழுகையைப் பற்றியதா? அன்று. நோன்பைப் பற்றியதா? அதுவும் அன்று. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனமே அது. அந்த வசனம் கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பேசுகிறது. கடன் என்றால் எழுதி வைக்க வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், தொகை சிறிதென்று சோம்பியிருக்கலாகாது என்றெல்லாம் விரித்துரைக்கிறது. வியாபாரிகளாகிய நமக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்? நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் அந்தச் சின்னஞ்சிறு 555 கொப்பிக்கும் அல்லாஹ்வின் வேதத்தில் இடமிருக்கிறதன்றோ!

நாம் கணக்கில் கெட்டிக்காரர்கள். இன்னார் இத்தனை கிலோ அரிசி வாங்கினார், இன்னார் போன மாதப் பாக்கி இத்தனை வெள்ளி என்று பார்க்காமலே சொல்வோம். ஆனால் ஒரு கணக்கை மட்டும் நாம் எழுதுவதேயில்லை. அது பிறர் நமக்குத் தரவேண்டிய பாக்கியல்ல, நாம் பிறருக்குத் தரவேண்டிய பாக்கி. ஜூலை மாதம் 31ஆம் தேதி வந்ததும் அந்தக் கணக்கு நம் முன் விரிகிறது. இந்நாட்டின் வீரர் தினமாகிய ஹாரி பஹ்லவான் அன்றுதான் நினைவுகூரப்படுகிறது.

அது ஏன் அந்தத் தேதி?

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் தேதி பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பகுதியில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து மலாயாவெங்கும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் அரசாங்கப் படைகளுக்கும் நடந்த போராட்டம் பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. இடையே 1957இல் நாடு சுதந்திரம் பெற்றது. 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதியன்றுதான் அவசரகாலம் அதிகாரபூர்வமாக முடிந்தது. அந்நாளே வீரர் தினத்துக்குரிய நாளாயிற்று. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பாதுகாப்புப் படையினர் 1,800 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் காவல்துறையைச் சேர்ந்தவர்கள். பொதுமக்களிலும் 2,400 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

அன்றைய தினம் கடை அடைக்கும் விடுமுறையன்று. காய்கறி லோரிகள் வழக்கம்போல் புறப்படும். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வழக்கம்போல் கொழுந்து கிள்ளப் போவார்கள். நாமும் வழக்கம்போல் கதவைத் திறந்து தராசைத் துடைத்து வைப்போம். "நமக்கும் இந்த நாளுக்கும் என்ன சம்பந்தம்? பட்டாளத்தார் கொண்டாடட்டும், நாம் வியாபாரத்தைப் பார்ப்போம்" என்று எண்ணத் தோன்றும். அப்படி எண்ணுகிறவருக்கு இந்த மலையின் பழைய கதையைக் கொஞ்சம் நினைவூட்டுவது நம் கடமை.

காவலும் தராசும்

இன்று கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போவுக்குச் சரக்கெடுக்கப் போகிறவர் சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கிப் பகல் தொழுகைக்குத் திரும்பிவிடுகிறார். அவசரகாலத்தில் அந்தச் சாலை கிடையாது. தாப்பாவிலிருந்து ஏறிவரும் சாலை ஒன்றுதான் கேமரன் மலைக்கு வாசல். இருபுறமும் காடு, வளைவுக்கு வளைவு பயம். வண்டிகள் தனியே வராமல் வரிசையாகச் சேர்ந்து, படைவீரர் காவலோடு மேலேறும். அரிசியும் பருப்பும் எண்ணெயும் அப்படித்தான் இந்த மலைக்கு வந்தன. வண்டி வந்து சேர்ந்தால் கடையில் விளக்கெரியும். வராவிட்டால் அலமாரி காலி.

கடைக்காரர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. காட்டிலிருப்போருக்கு உணவு போய்விடக் கூடாது என்று அரசாங்கம் கடுமையான உணவுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. யாருக்கு எவ்வளவு விற்றோம் என்று கடைக்காரர் கணக்கு வைக்கவேண்டும். டின் பாலையும் சார்டினையும் விற்கும்போதே ஆணியால் துளையிட்டுக் கொடுக்கவேண்டிய இடங்களும் இருந்தன. துளை விழுந்த டின்னைச் சேமித்து வைக்க முடியாதல்லவா! ஒரு பக்கம் சட்டம், மறுபக்கம் இரவில் கதவைத் தட்டுவது யாரென்ற அச்சம். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் நம் முன்னோர் கடை நடத்தினர். கப்பலேறி வந்து இந்த மண்ணில் தராசு பிடித்த அவர்கள், கடையை மூடிவிட்டு ஊருக்கு ஓடிவிடாமல் நின்றார்கள். எதை நம்பி நின்றார்கள்? அல்லாஹ்வை நம்பி நின்றார்கள். அவன் ஏற்படுத்திய காரணமாக, எங்கோ ஒரு வளைவில் மழையில் நனைந்துகொண்டு இன்னொருவன் நின்றான். காவல் நின்றவன் கையில் துப்பாக்கி இருந்ததால்தான் வியாபாரியின் கையில் தராசு நிலைத்தது.

அந்தக் காவலர் யார் யார்? மலாய்ப் படைப்பிரிவினர், காவல்துறையினர், கூர்க்காக்கள், வெளிநாட்டுப் போர்வீரர்கள், சரவாக்கிலிருந்து வந்த ஈபான் தடமறிவோர். தோட்டங்களில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களாகவும் ஹோம் கார்டுகளாகவும் நின்ற எளிய மனிதர்களும் இருந்தார்கள். பகலில் பால் வெட்டியோ கொழுந்து நிறுத்தோ பிழைத்தவர்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

அதற்கு முன்பும் பின்பும் வீரர்கள் இல்லாமல் இல்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழும் தறுவாயில் புக்கிட் சண்டுவில் இறுதிவரை நின்று மாண்ட லெப்டினன்ட் அட்னான் சாயிடியை இந்நாட்டுப் பள்ளிப்பிள்ளைகள் அறிவார்கள். 1968இல் மீண்டும் மூண்ட காட்டுப் போர் 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாய் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையோடுதான் ஓய்ந்தது. 1993இல் சோமாலியத் தலைநகர் மொகதீஷுவில், சுற்றிவளைக்கப்பட்ட அமெரிக்கப் படையினரை மீட்கப் போன மலேசிய வீரர்களுள் மாட் அஸ்னான் அவாங் என்பவர் உயிர் துறந்தார். இவர்கள் எல்லோரையும் சேர்த்து நினைப்பதே ஜூலை 31.

எதைச் செய்யவேண்டாம் என்பது மட்டும் போதுமா?

கோலாலம்பூரில் துகு நெகாரா என்னும் தேசிய ஞாபகச் சின்னம் இருக்கிறது. ஏழு வெண்கல வீரர்களைக் கொண்ட அது 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது. நீண்ட காலம் வீரர் தினச் சடங்குகள் அங்கேதான் நடந்தன. உருவச் சிலைகளின் முன் மலர் வளையம் வைத்துத் தலைதாழ்த்தி நிற்பது நம் மார்க்கத்துக்கு உகந்ததன்று என்று உலமாக்கள் எடுத்துரைத்து வந்தனர். 2010 முதல் அந்த நிகழ்ச்சி புத்ராஜெயாவிலுள்ள டத்தாரான் பஹ்லவானுக்கு மாற்றப்பட்டது. இதில் நமக்கு மாறுபாடு கிடையாது.

ஆனால் சகோதரர்களே, இங்கேதான் நம் மனத்தை நாமே ஒரு கேள்வி கேட்கவேண்டும். மலர் வளையம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நல்லது. அதற்குப் பதிலாக நாம் என்ன வைத்தோம்? சிலைக்கு முன் நிற்கவேண்டாம் என்றோம். சிலையாகாத, உயிரோடிருக்கிற வீரன் நம் கடை வாசலில் வந்து நிற்கிறானே, அவனுக்கு என்ன செய்தோம்? வேண்டாததை விலக்குவது மார்க்கத்தின் பாதிதான். வேண்டியதைச் செய்வதே மறுபாதி. அந்த மறுபாதியை நமக்குக் காட்டித் தந்தவர் அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள். காட்டித் தந்த இடமும் நமக்கு அந்நியமான இடமல்ல, கடைத்தெருவேதான்!

உமர் (ரலி) நின்ற இடம்

ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. ஒருநாள் உமர் (ரலி) அவர்கள் தம் ஊழியர் அஸ்லமுடன் கடைத்தெருவுக்குப் போனார்கள். வழியில் ஓர் இளம்பெண் வந்து எதிரே நின்றாள். தன் கணவர் இறந்துவிட்டார், சின்னஞ்சிறு பிள்ளைகளை விட்டுப் போயிருக்கிறார், அவர்களுக்குச் சமைத்துக் கொடுக்க ஓர் ஆட்டுக்கால்கூட வீட்டில் இல்லை, பயிரும் இல்லை, பால் கறக்கும் பிராணியும் இல்லை, பஞ்சம் அவர்களைத் தின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்று முறையிட்டாள். பிறகு தான் யாரென்பதையும் சொன்னாள். குஃபாஃப் பின் ஈமா அல்கிஃபாரியின் மகள் அவள். அவளுடைய தந்தை ஹுதைபிய்யாவில் பெருமானார் (ஸல்) அவர்களுடன் இருந்தவர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் உமர் (ரலி) அவர்கள் மேலே நடக்கவில்லை. நின்றார்கள். இஸ்லாமிய சாம்ராஜ்யத்தின் கலீபா, ஏழை விதவை ஒருத்திக்காகக் கடைத்தெருவில் நின்றார்கள். நல்வரவு கூறி, வீட்டுக்குத் திரும்பி, அங்கே கட்டியிருந்த வலுவான ஒட்டகத்தின்மேல் இரண்டு மூட்டைகளில் தானியம் நிரப்பி ஏற்றி, இடையே பணமும் துணிமணியும் வைத்து, ஒட்டகத்தின் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்கள். இது தீருமுன் அல்லாஹ் உங்களுக்கு நல்வழி காட்டுவான் என்று ஆறுதலும் கூறினார்கள்.

பக்கத்திலிருந்த ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. இவளுக்கு இவ்வளவு அதிகம் கொடுத்துவிட்டீர்களே என்றார். நம்மிலும் இப்படிக் கணக்குப் பார்ப்பவர்கள் உண்டல்லவா! உமர் (ரலி) அவர்கள் அவரைக் கண்டித்துவிட்டுச் சொன்ன பதிலின் கருத்து இதுதான்: இவளுடைய தந்தையும் சகோதரனும் ஒரு கோட்டையை நெடுநாள் முற்றுகையிட்டு வென்றதை நான் என் கண்ணால் கண்டேன். அன்று அவர்கள் வென்றதிலிருந்துதான் இன்று நாம் பங்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சகோதரர்களே, இந்தப் பதிலை நன்றாகக் கவனியுங்கள். உமர் (ரலி) அவர்கள் அதைத் தர்மம் என்று சொல்லவில்லை. இரக்கம் என்றும் சொல்லவில்லை. பங்கு என்றார்கள். அவளுடைய குடும்பத்தின் உழைப்பிலிருந்து நாம் தின்றுகொண்டிருக்கிறோம், ஆகவே அவளுக்குக் கொடுப்பது பாக்கி தீர்ப்பது என்றார்கள். வரவு வைத்தவன் பற்றும் எழுதவேண்டும் என்னும் வியாபார நியாயத்தையே கலீபா பேசினார்கள். படைவீரர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் பதிவேடு வைத்து, பெயர் எழுதி, பைத்துல் மாலிலிருந்து ஆண்டுதோறும் மானியம் கொடுக்கும் 'திவான்' முறையை இஸ்லாத்தில் ஏற்படுத்தியவரும் அவர்களே. பத்ருப் போரில் நின்றவர்களுக்கு அந்தப் பதிவேட்டில் உயர்ந்த இடம் இருந்தது.

தமிழில் 'செஞ்சோற்றுக் கடன்' என்று ஒரு சொல் உண்டு. அரசனுடைய சோற்றைத் தின்ற வீரன், அந்தச் சோற்றுக்காகப் போரில் உயிரைக் கொடுத்துக் கடன் தீர்ப்பானாம். அந்தக் கடனை உமர் (ரலி) அவர்கள் திருப்பிப் பார்த்தார்கள். வீரன் காத்த சோற்றை நாம் தின்றோம். ஆதலால் கடன்காரர் வீரனல்லர், நாமே! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. உப்பு மூட்டை மலையேறி வரக் காவல் நின்றவனையும் அந்த நினைவில் சேர்க்கவேண்டுமன்றோ?

மூத்தாவிலிருந்து வந்த செய்தி

வீரனுக்குச் செய்யும் மரியாதை எப்படி இருக்கவேண்டும் என்பதற்குப் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே தெளிவான காட்சி இருக்கிறது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் மூவாயிரம் வீரர்களைக் கொண்ட படை மூத்தாவுக்குச் சென்றது. கொடியேந்திய ஸைத் (ரலி) ஷஹீதானார்கள். அடுத்து ஜஃபர் (ரலி) ஏந்தினார்கள். வலக்கை வெட்டுண்டது, இடக்கையில் ஏந்தினார்கள். இடக்கையும் போயிற்று, மார்போடு அணைத்துக்கொண்டார்கள். அவர்களும் ஷஹீதானார்கள். பிறகு அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) அவர்களும் அவ்வாறே.

மதீனாவில் ஜஃபருடைய மனைவி அஸ்மா (ரலி) அன்று மாவு பிசைந்து வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். பெருமானார் (ஸல்) வந்தார்கள். பிள்ளைகளை அழைத்து முகர்ந்தார்கள். கண்களிலிருந்து நீர் வழிந்தது. அந்தத் தாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. நாயகம் (ஸல்) தம் வீட்டாரிடம் சென்று, ஜஃபரின் குடும்பத்தார் துக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு உணவு சமைத்து அனுப்புங்கள் என்று பணித்தார்கள். மரியாதையின் முதற்படி அடுப்பங்கரையில் தொடங்கியது!

மூன்று நாள் கழிந்தது. மீண்டும் வந்தார்கள். முடிதிருத்துபவரை அழைத்துப் பிள்ளைகளுக்கு முடி மழிக்கச் செய்தார்கள். சிறுவர் அப்துல்லாஹ்வின் கையைப் பிடித்து உயர்த்தி துஆச் செய்தார்கள். என்ன துஆ தெரியுமா? ஜஃபருடைய குடும்பத்துக்கு அவருக்குப் பகரமாக நீயே பொறுப்பேற்பாயாக என்று வேண்டிவிட்டு, இந்த அப்துல்லாஹ்வின் வலக்கை செய்யும் வியாபாரத்தில் பரக்கத் செய்வாயாக என்று மும்முறை வேண்டினார்கள். ஷஹீதின் பிள்ளைக்கு வியாபாரத்தில் பரக்கத்! பிள்ளைகள் அநாதைகளாகிவிட்டார்களே என்று தாய் கலங்கியபோது, இம்மையிலும் மறுமையிலும் நானே இவர்களுக்குப் பொறுப்பாளியாக இருக்க, வறுமைக்கா அஞ்சுகிறீர் என்று தேற்றினார்கள். அந்த அப்துல்லாஹ் பின் ஜஃபர் (ரலி) பிற்காலத்தில் கொடைக்குப் பெயர்போனவராய் விளங்கினார்கள். வாங்கிய கை கொடுக்கும் கையாயிற்று.

மாண்டவர்களின் கதை இது. மீண்டவர்களின் கதையும் அதே மூத்தாவில் இருக்கிறது. காலித் (ரலி) அவர்கள் மிஞ்சிய படையைக் காத்துத் திரும்பியபோது மதீனாவாசிகள் சிலர் அவர்கள்மேல் மண்ணை வாரியிறைத்து, ஓடிவந்தவர்களே என்று ஏசினார்கள். பெருமானார் (ஸல்) அதைத் தடுத்து, இவர்கள் ஓடிவந்தவர்களல்லர், மீண்டும் செல்பவர்கள் என்று கண்ணியப்படுத்தினார்கள். அப்படியும், அந்தப் படையிலிருந்த ஸலமா பின் ஹிஷாம் (ரலி), மக்களின் ஏச்சுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியே வராமலும் ஜமாஅத்துத் தொழுகைக்கு வராமலும் இருந்ததாகச் சரித்திர நூல்கள் கூறுகின்றன. போர்க்களத்தில் அஞ்சாதவரை ஊர்வாய் அஞ்சவைத்தது. என்ன கொடுமை!

நம் கடையில் நடந்தது

இதை எழுதும்போது நம் மனம் குறுகுறுக்கிறது. நம் கடையிலேயே நடந்த ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு பெரியவர் மாதமிருமுறை வருவார். இந்துத் தமிழர். அரிசி, பருப்பு, கொஞ்சம் கருவாடு வாங்குவார். கொப்பியில் எழுதச் சொல்வார். பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. ஒருநாள் கடையில் நாலுபேர் இருக்கும்போது, "பெரியவரே, பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுப் புதுசா எழுதச் சொல்லுங்க" என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. எடுத்த அரிசிப் பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சில வாரம் கழித்துக் கொஞ்சம் பணத்தோடு வந்தார். அன்று ஜூலை 31. கடைத் தொலைக்காட்சியில் புத்ராஜெயா நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நாம் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து பார்த்தால், பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டு, வளைந்த முதுகை நிமிர்த்தி, கைகளை விறைத்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தார். வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டார்.

"ஐயா, பட்டாளத்தில் இருந்தீங்களா?" என்று கேட்டோம்.

"ஆமாம் தம்பி, ரேஞ்சர் படையில். முழுக் காலமும் இருக்க முடியலை. கால் போச்சு, வந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு ஓய்வூதியம் வருகிறதா என்று விசாரித்தோம். இல்லை என்றார். பொதுவாகப் படையில் குறித்த காலம் முழுதும் பணியாற்றியவருக்கே மாத ஓய்வூதியம். அதற்கு முன் விலகியவர் பலர் அது இல்லாமலே காலம் தள்ளுகிறார்கள். எத்தனை ஆண்டுகள் அவர் நம் கடைப்படி ஏறியிருப்பார்! அவருடைய பாக்கி எவ்வளவு என்று ஐந்து காசுவரை நமக்குத் தெரியும். அவருக்கு நாம் தரவேண்டிய பாக்கி இருந்தது மட்டும் தெரியவில்லை. உமர் (ரலி) கடைத்தெருவில் ஒரு பெயரைக் கேட்டு நின்றார்கள். நாமோ கடைக்குள்ளேயே இருந்தும் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

நன்றிக்கு மத எல்லை உண்டா?

"அவர் நம் தீனைச் சேர்ந்தவரல்லவே, நமக்கென்ன?" என்று யாரேனும் கேட்கலாம். அவருக்கு முத்இம் பின் அதீயின் வரலாற்றைச் சொல்வோம். பெருமானார் (ஸல்) தாயிஃபில் கல்லடிபட்டு மக்காவுக்குத் திரும்பியபோது உள்ளே நுழையப் பாதுகாப்பு இல்லை. அப்போது முத்இம் தம் பிள்ளைகளுக்கு ஆயுதம் தரித்து, கஃபாவின் மூலைகளில் நிறுத்தி, நாயகத்தைத் தம் பாதுகாப்பில் அழைத்துவந்தார். அவர் முஸ்லிமாகவில்லை, முஸ்லிமாகாமலே இறந்தும் போனார். ஆண்டுகள் சென்றன. பத்ரில் குறைஷிக் கைதிகள் பிடிபட்டபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்னும் கருத்துப்படப் பெருமானார் (ஸல்) கூறினார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. ஆயுதமேந்திக் காவல் நின்ற ஒருவருடைய உபகாரத்தை, அவர் இறந்த பிறகும், அவர் தீனில் இல்லாத நிலையிலும், நாயகம் (ஸல்) மறக்கவில்லை. மனிதருக்கு நன்றி பாராட்டாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி பாராட்டாதவனே என்று போதித்தவர்கள், அதைத் தாமே நடத்திக் காட்டினார்கள். செய்ந்நன்றியறிதலுக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த மொழியை நாம் பேசுகிறோம். நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நாட்டின் தலைசிறந்த வீர விருது 'ஸ்ரீ பஹ்லவான் காகா பெர்காசா'. அதைப் பெற்றோர் பட்டியலில் மலாய்க்காரர் உண்டு. கானாங் அனாக் லங்காவ் என்னும் ஈபான் வீரர் உண்டு. 1971இல் கெரில்லாக்களோடு நடந்த சண்டையில் உயிர்நீத்த கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதனும் உண்டு. குண்டு வரும்போது மதம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. காவலும் மதம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வீரரை மதிப்பது யுத்தத்தை விரும்புவதன்று. பகைவரைச் சந்திக்க ஆசைப்படாதீர்கள், அல்லாஹ்விடம் சுகவாழ்வைக் கேளுங்கள் என்பதே நபிபோதனை. அந்தக் காட்டுப் போரில் இருதரப்பிலும் இம்மண்ணின் பிள்ளைகளே மாண்டார்கள். லட்சக்கணக்கான எளிய மக்கள் புதுக்கிராமங்களின் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். இன்று நம் கடைக்கு அடுத்த கடையில் இருப்பவர், நமக்குக் கோசும் தக்காளியும் தருபவர், அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். 1989இல் நாடு சமாதானம் செய்துகொண்டது. பழைய பகையைக் கிளறும் நாளாக ஜூலை 31ஐ ஆக்கிவிடக் கூடாது. சமாதானத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லும் நாளாகவே அது இருக்கட்டும்.

நாம் செய்யவேண்டியவை

பேச்சோடு நின்றால் பயனில்லை. ஆகவே ஜமாஅத்தார் முன் சிலவற்றை வைக்கிறோம்.

முதலாவது, பெயர் எழுதுவோம். கோல தெர்லாவிலிருந்து கம்போங் ராஜா வரை, தோட்டங்களிலும் கம்பங்களிலும் முன்னாள் வீரர் எத்தனை பேர், காவலராக இருந்தவர் எத்தனை பேர், அவர்களுடைய விதவைகள் எத்தனை பேர் என்று ஒரு பதிவேடு தயாரிப்போம். எந்த இனம், எந்த மதம் என்று பாராமல் எழுதுவோம். அது நம் சிறிய திவான். உதவிக்குரியவருக்குப் படைவீரர் விவகார இலாகாவுக்கு மனு எழுதவும், பாரம் நிரப்பவும், ஈப்போவுக்கோ குவாந்தானுக்கோ போய்வரவும் நம் பிள்ளைகள் துணை நிற்கட்டும். பாரம் நிரப்பத் தெரியாமலே உரிமையை இழந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, கொப்பியைப் புரட்டுவோம். நம் கடைப் பாக்கியில் அப்படிப்பட்டவர் பெயர் இருந்தால், அவர் அறியாமலே கோடு கிழித்துவிடுவோம். அறிவித்துச் செய்தால் அது மரியாதையாகாது. கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கவும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் நல்லதென்றும் திருமறை போதிப்பதை நாம் அறிவோம். தகுதியுள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு ஸகாத் கிடைக்கப் பஹாங் இஸ்லாமிய சமய மன்றத்தின் மூலம் வழி செய்வோம். மற்றவர்களுக்கு நம் ஸதகாவும் அன்பளிப்பும் போகட்டும்.

மூன்றாவது, ஜஃபர் (ரலி) மகனுக்குக் கேட்ட துஆவை நினைவில் வைப்போம். வீரனுடைய பிள்ளையோ பேரப்பிள்ளையோ தொழில் கற்க வந்தால் கடையில் இடம் கொடுப்போம். சொந்தமாகப் பெட்டிக்கடை வைக்க விரும்பினால் முதற்சரக்கைத் தவணையில் கொடுப்போம். மீன் கொடுப்பதோடு நிற்காமல் வலையையும் கொடுப்போம்.

நான்காவது, ஜூலை 31ஐ ஒட்டி வரும் ஜும்ஆவில் ஷஹீதான முஸ்லிம் வீரர்களுக்காக துஆச் செய்வோம். அன்று கடைக்கு வரும் முன்னாள் வீரர் எவராயினும் எழுந்து நின்று வரவேற்று, நாற்காலி போட்டு, ஒரு கோப்பை தேநீர் கொடுப்போம். இந்த மலையின் தேயிலையை இந்த மலைக்குக் காவல் நின்றவருக்கு ஊற்றிக் கொடுப்பதில் நமக்கென்ன நஷ்டம்?

முடிவாக ஒன்று. ஷஹீதுக்கு எல்லாப் பாவங்களும் மன்னிக்கப்படுகின்றன, கடனைத் தவிர என்று ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழியை நாம் கேட்டிருக்கிறோம். உயிரையே கொடுத்தவனுக்கும் கடனில் சலுகை இல்லையென்றால், அவன் கொடுத்த உயிரின் நிழலில் கடை நடத்தி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த நம் கடன் என்னாவது? மஹ்ஷர் மைதானத்தில் எல்லாக் கொப்பிகளும் விரிக்கப்படும்போது, நாம் எழுதாமல் விட்ட பற்றையும் அல்லாஹ் எழுதியிருப்பான்.

அந்தப் பெரியவர் இப்போதும் நம் கடைக்கு வருகிறார். அவருடைய பழைய பக்கம் நம் கொப்பியில் இல்லை. அதைப்பற்றி அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அவர் வந்தால் நாம் எழுந்து நிற்கிறோம். அவ்வளவுதான் நாம் செய்தது. அது போதாது என்பதும் நமக்குத் தெரியும்.

யா அல்லாஹ்! இந்நாட்டைக் காத்து உன் வழியில் மாண்ட முஃமின்களை ஏற்றுக்கொள்வாயாக! உயிரோடிருக்கும் வீரர்களின் முதுமையை இலேசாக்குவாயாக! அவர்களுடைய விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் நீயே பொறுப்பேற்பாயாக! உபகாரத்தை மறவாத உள்ளத்தையும், கடனைத் தீர்க்கும் கையையும் எங்களுக்குத் தருவாயாக! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்தையும், எங்கள் மலையிலும் நாட்டிலும் சாந்தியையும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.